குண்டு பல்பிலிருந்து பர்ப்பிள் லைட் வரை

நெய்வேலிக் குடும்பங்களின் கல்யாண ஆல்பங்களைத் தேதி பார்க்காமலே வரிசைப்படுத்திவிடலாம். கறுப்பு வெள்ளையில் முகம் மட்டும் தெரிந்து மூலை முடுக்கெல்லாம் இருண்டிருந்தால் அறுபதுகள், எழுபதுகளின் தொடக்கம். கலரில் எடுத்து, சுவரில் லேசாகப் பச்சை தட்டியிருந்தால் ட்யூப் லைட் காலம். மணமக்களின் நெற்றியில் வேர்வை மின்ன, நடுவில் மஞ்சள் வெளுப்பும் ஓரத்தில் கருப்புமாக இருந்தால், வீடியோக்காரரின் ஆயிரம் வாட் ஹாலஜன் மேடையேறிய காலம். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி கத்தரிப்பூ நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், சமீபத்துக் கல்யாணம்.

இதையெல்லாம் கேமராவின் லைட் மீட்டர் படிப்படியாக முன்னேறிய கதையாகச் சொல்வது வழக்கம். என் கணக்கு வேறு. மீட்டரைவிட விளக்குதான் அதிகம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறை விளக்கு மாறியபோதும் மீட்டர் புதிதாக ஒரு பொய்யைக் கற்றுக்கொண்டது. படம் எடுப்பவர் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துச் சரிக்கட்டப் பழகினார். பழகி முடிப்பதற்குள் அடுத்த விளக்கு வந்துவிட்டது. விளக்குக்கு வேண்டிய கரண்டையே பிழைப்பாகக் கொண்ட ஊரில் இருந்து இதைப் பார்த்தால் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

1957 மே 20-இல் நெய்வேலியில் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1962 மே மாதம் ஓடத் தொடங்கியது. வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ் எழுந்தன. அந்த வீடுகளின் தொடக்க கால அறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூரை நடுவில் 60 வாட் குண்டு பல்பு. இரண்டு மீட்டர் தள்ளிப் பிறந்தநாள் குழந்தை. சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்தால் முகத்தில் விழுவது சுமார் 30 லக்ஸ். வெளியே நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். 100 ஏ.எஸ்.ஏ. ஃபிலிம் போட்டு, லென்ஸை 3.5-க்கு முழுசாகத் திறந்து வைத்தாலும் ஒரு செகண்ட் ஷட்டர் வேண்டும். பிறந்தநாள் சட்டை போட்ட எந்தக் குழந்தை ஒரு செகண்ட் ஆடாமல் நின்றிருக்கிறது?

அன்றைய மீட்டர் செலினியம் மீட்டர். அமெரிக்காவில் வெஸ்டன் கம்பெனி 1932-இல் கடைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. பாட்டரி கிடையாது. செலினியத் தகட்டில் வெளிச்சம் பட்டால் அதுவே துளி மின்சாரம் தரும், அந்த மின்சாரம் முள்ளை நகர்த்தும். வெயிலில் முள் துள்ளும். வீட்டுக்குள் பல்பு வெளிச்சத்தில் எழுந்திருக்கவே யோசிக்கும். கீழ்க்கோட்டை ஒட்டி ஒரு மயிரிழை நகர்ந்தால் அது 2.8-ஆ, 4-ஆ என்று யாரால் படிக்க முடியும்? அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஒரு முழு ஸ்டாப் பிசகும், ஃபிலிமில் விழும் வெளிச்சம் இரு மடங்காகவோ பாதியாகவோ ஆகிவிடும். அதாவது, சரியாக அளக்க வேண்டிய இடத்தில்தான் அந்த மீட்டர் மிக மோசமாக அளந்தது.

ஃபிலிம் கம்பெனிகளுக்கு இன்னொரு சங்கதியும் தெரிந்திருந்தது. பல்பு வெளிச்சத்தில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. ஃபிலிமோ நீலத்துக்குத்தான் அதிகம் மசியும். அதனால் அட்டையில் இரண்டு வேகம் அச்சடித்திருப்பார்கள். 1950-களின் டிரை-எக்ஸ் பகலில் 200, பல்பு வெளிச்சத்தில் 160. மீட்டர் சக்கரத்தைத் திருப்பும்போதே வெயிலா பல்பா என்று யோசித்துத் திருப்ப வேண்டும்.

இதோடு வோல்டேஜ் தொல்லை வேறு. மின்சாரம் பிறக்கும் டவுன்ஷிப்புக்குள் அது குறைவு. வெளியே பண்ருட்டிப் பக்கமோ விருத்தாசலம் பக்கமோ கல்யாணம் எடுக்கப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் பல்பு சிவந்து சோர்ந்துவிடும். குண்டு பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் இறங்கும் வேகத்துக்கு இறங்காது, அதைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும். 230 வோல்ட் பல்புக்கு 200 வோல்ட் கிடைத்தால், வெளிச்சம் ஐந்தில் மூன்று பங்குதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு அளந்து வைத்த கணக்கு ஏழு மணி நலங்குக்கு உதவாது. திரும்ப அளந்தாலும் முழுசாகத் தப்ப முடியாது. பல்பு சோரும்போது வெளிச்சம் குறைவதோடு சிவப்பும் கூடுகிறது. மீட்டர் சொல்வதற்கும் ஃபிலிமில் பதிவதற்கும் இருக்கும் இடைவெளி இன்னும் அகலமாகிறது. கரண்டே இல்லாத கிராமத்துப் பந்தலில் பெட்ரோமாக்ஸ்தான். பம்பு அடிக்க அடிக்க வெளிச்சம் ஏறும், விட்டால் இறங்கும்.

அடுத்து வந்தது காட்மியம் சல்ஃபைடு. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்காரர்களின் செல்லப்பிள்ளையாக நெடுநாள் இருந்த யாஷிகா மேட் 124ஜி-யில் இந்த வகை மீட்டர்தான். மேல்மூடியைத் தூக்கினால் மீட்டர் விழித்துக்கொள்ளும். இரண்டு முள்ளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் கணக்கு சரி. செலினியத்துக்கு எட்டாத மங்கல் வெளிச்சத்தையும் இது அளக்கும். வீட்டுக்குள் மீட்டர் பார்ப்பது என்ற பழக்கமே இதற்குப் பிறகுதான் பரவியது.

ஆனால் இதற்கு மூன்று குணக்கேடுகள். சிவப்பு வெளிச்சத்தை இருப்பதைவிட அதிகமாக மதிப்பிடும். பல்பு எரியும் அறையில் மீட்டர் ‘நிறைய வெளிச்சம்’ என்னும், ஃபிலிம் ‘போதவில்லை’ என்னும். இரண்டும் சேர்ந்து படம் அண்டராகி இருண்டுவிடும். தொழில் தெரிந்தவர்கள் மீட்டர் சொன்னதற்கு மேல் அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ திறந்துவிட்டார்கள். அடுத்தது ஞாபக சக்தி. வாசலில் மாப்பிள்ளை அழைப்பு, நாதஸ்வரம், நல்ல வெயில். அதை எடுத்துவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்த உடனே மீட்டரைப் பார்த்தால், அது இன்னும் வெயிலிலேயே இருக்கும். பட்ட வெளிச்சத்தை மறந்து இருட்டுக்கு வந்துசேர அதற்கு நேரம் வேண்டும். ஐயர் அதுவரை காத்திருக்க மாட்டார். மூன்றாவது பாட்டரி. 1.35 வோல்ட்டைக் கடைசிவரை நிலையாகத் தரும் பாதரச பாட்டரியை நம்பித்தான் அந்த மீட்டரின் அளவைக் குறித்திருந்தார்கள். 1990-களில் பல நாடுகளில் பாதரசத்துக்குத் தடை வந்து, அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் வந்தது. அதைப் போட்டால் முள் தாராளமாக ஏறும், படம் அண்டராகும். பரணில் இருந்து தாத்தாவின் யாஷிகாவை இறக்கி இன்று ஃபிலிம் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் முதலில் இடறி விழுவது இங்கேதான்.

35 எம்.எம்.-மில் பென்டாக்ஸ் கே1000 வந்தது, 1976-இல். லென்ஸ் வழியாகவே அளக்கும் மீட்டர். ஃபைண்டரின் வலது ஓரத்தில் ஒரு முள், அது நடுவில் நின்றால் சரி. பாட்டரி கொஞ்சம் இளைத்தாலும் கணக்கு மாறாதபடி சர்க்யூட் அமைத்திருந்தார்கள். மீட்டரை அணைக்கத்தான் சுவிட்ச் வைக்கவில்லை. லென்ஸ் மூடியைப் போட்டால் இருட்டில் அதுவாக உறங்கும். மூடியைப் போட மறந்துவிட்டுத் தூங்கப் போனவர் மறுநாள் முகூர்த்தத்தில் செத்த பாட்டரியோடு நிற்பார்.

இதற்குள் வீடுகளில் நாலடி ட்யூப் லைட் வந்துவிட்டது. 40 வாட் ட்யூப் ஒன்று 60 வாட் குண்டு பல்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம் தரும். நியாயமாகப் பார்த்தால் நம்மவர்களின் கஷ்டம் தீர்ந்திருக்க வேண்டும். இங்கேதான் நெய்வேலி நேரடியாகக் கதைக்குள் வருகிறது.

அனல்மின் நிலையத்தின் டர்பைன் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. செகண்டுக்கு 50. நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் என்பது அந்தச் சுற்றுதான். கரண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சிக்குப் போய் இரண்டு முறை பூஜ்யத்தைத் தொடும். இரும்புச் சோக் போட்ட ட்யூப் லைட்டும் கூடவே செகண்டுக்கு 100 முறை ஏறி இறங்கும். குண்டு பல்பின் இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடுவதால் அதில் இது அவ்வளவாகத் தெரியாது. ட்யூபில் தெரியும், கண்ணுக்கு அல்ல, ஷட்டருக்கு. மீட்டர் பல துடிப்புகளையும் கலந்து சராசரி சொல்கிறது. அந்தச் சராசரியை நம்பி 1/250-இல் அழுத்தினால், ஷட்டர் திறந்திருப்பது நாலு மில்லிசெகண்ட். ஒரு துடிப்பின் நீளமோ பத்து மில்லிசெகண்ட். உச்சியில் அகப்பட்டால் படம் ஓவர், பள்ளத்தில் அகப்பட்டால் அண்டர். ஒரே மேடை, ஒரே அளவு, அடுத்தடுத்த இரண்டு நெகட்டிவ், இரண்டு விதம். காரணம் புரியாமல் கேமராவைக் கொண்டுபோய் ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் உண்டு. கேமராவில் கோளாறே இல்லை. 1/60-க்கோ 1/30-க்கோ இறங்கினால் ஒரு முழுத் துடிப்பாவது உள்ளே வந்துவிடும், கோளாறு பெரும்பாலும் அடங்கிவிடும்.

(அந்த 50-உம் எப்போதும் 50-ஆக இருந்ததில்லை. தென்னக மின்தொகுப்பு பற்றாக்குறையில் தள்ளாடிய காலத்தில் 48 ஹெர்ட்ஸ் வரை இறங்கியதுண்டு. 2003-இல் கட்டண முறையை மாற்றிய பிறகு கட்டுக்குள் வந்தது. 2013 டிசம்பர் 31-இல் தென்னகமும் நாட்டின் மற்றத் தொகுப்போடு ஒரே தாளத்தில் இணைந்தது. படத்துக்கு அந்த இரண்டு ஹெர்ட்ஸால் பெரிய நஷ்டமில்லை.)

கலர் ஃபிலிம் வந்தபோது ட்யூபின் அடுத்த குட்டு வெளிப்பட்டது. ட்யூபின் வெளிச்சத்தில் எல்லா நிறமும் தொடர்ச்சியாக இல்லை. பாதரசத்தின் சில கூர்மையான கோடுகள், அவற்றுக்கு நடுவே பாஸ்பர் பூச்சு தரும் நிறங்கள். கண் அதை வெள்ளை என்று ஒப்புக்கொள்ளும். பகல் வெளிச்சத்துக்கென்று செய்த ஃபிலிம் ஒப்புக்கொள்ளாது, பச்சை அடிக்கும். மீட்டருக்கோ நிறமே தெரியாது, எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியும். எண் சரியாக இருந்து படம் தப்பாக வந்த முதல் காலம் அது. லேபில் பிரிண்ட் போடுபவர் மெஜந்தாவைக் கூட்டிப் பச்சையைக் கொன்றார். கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் ஓவரைக்கூடத் தாங்கும் என்பதால், மீட்டர் செய்த பாவங்களில் பாதியை லேப்காரர்தான் சத்தமில்லாமல் கழுவினார்.

எந்த மீட்டரும் தீர்க்காத சிக்கல் ஒன்று நம் கல்யாணத்துக்கே உரியது. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம், விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் என்றே மீட்டர் நினைக்கும். அதன் முன் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, மல்லிகைப் பந்தல், பின்னால் சீரியல் செட் என்று நிறுத்துகிறோம். இவ்வளவு வெள்ளையையும் சாம்பலாக்கிவிட வேண்டும் என்று அது வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். வேட்டி சாம்பலாகும், முகம் கரியாகும். ‘எம் பொண்ணு இவ்ளோ கறுப்பா?’ என்று ஆல்பத்தை மூடிவைத்துவிடுவார் அம்மா. இதனாலும் நம் ஊர்க்காரர்களுக்கு ஓவராக எடுக்கும் கை வந்தது, டச்சப்காரருக்கு வேலை வந்தது. நிறத்தைப் பற்றிய நம் சமூகத்தின் மனக்கோணலுக்கு மீட்டர் கொஞ்சம் எண்ணெய் வார்த்தது என்றுதான் நினைக்கிறேன். முறை தெரிந்தவர்கள் மேடையை அளக்க மாட்டார்கள். மணப்பெண்ணின் மேல் விழும் வெளிச்சம் தன் உள்ளங்கையிலும் விழும்படி கையை நீட்டி, அதை அளந்து, ஒரு ஸ்டாப் திறப்பார்கள். உடம்பின் நிறம் ஆளுக்கு ஆள் மாறினாலும் உள்ளங்கை அவ்வளவு மாறுவதில்லை.

சினிமாவில் இதே காலத்தில் நடந்தது நேர் எதிர். பி.சி. ஸ்ரீராம் ‘நாயகன்’ படத்தில் முகங்களைத் துணிந்து நிழலில் விட்டார், அந்த ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் வந்தது. அதை அமர்ந்து ரசித்த அதே ஜனம் தன் வீட்டு ஆல்பத்தில் ஒரு நிழலையும் பொறுத்துக்கொள்ளவில்லை.

உண்மையைச் சொன்னால், எண்பதுகளுக்குப் பிறகு மண்டபத்தில் மீட்டர் பெரும்பாலும் சும்மாதான் இருந்தது. பிளாஷ் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. பிளாஷின் கைட் நம்பர் 28 என்றால், மூன்றரை மீட்டர் தூரத்துக்கு அப்பர்ச்சர் 8. வகுத்தால் தீர்ந்தது. முகம் வெளிச்சம், பின்னால் கும்மிருட்டு. உறவுக்காரர்கள் இருந்தார்களா இல்லையா என்று படத்தில் தேட வேண்டியதுதான்.

மின் நிலையத்துக்குள் பிளாஷ் செல்லாது. டர்பைன் ஹாலின் நீளத்துக்கு எந்தப் பிளாஷ் எட்டும்? இதுபோன்ற ஆலைக் கூடங்களில் உயரத்தில் பாதரச விளக்கும் பிறகு சோடியம் விளக்கும் எரிந்தன. ஒன்று நீலப்பச்சை, மற்றது ஆரஞ்சு. ஸ்டாண்டு போட்டு, சிறிய அப்பர்ச்சரில், பல செகண்ட் திறந்து வைத்துத்தான் எடுக்க வேண்டும். அங்கே ஃபிலிம் தன் பங்குக்கு ஒரு குழி பறிக்கும். ஒரு செகண்டுக்கு மேல் போனால் ஃபிலிமின் வேகம் தளர்ந்துவிடும். மீட்டர் நாலு செகண்ட் என்றால் ஆறோ எட்டோ கொடுக்க வேண்டும். இது மீட்டருக்குத் தெரியாது. அதே ஆலையில் பாதுகாப்புப் பிரிவின் கையில் இருக்கும் லக்ஸ் மீட்டர் வேறு ஜாதி. மனிதக் கண் எந்த நிறத்தை எவ்வளவு உணர்கிறதோ அப்படி அளக்கும்படி ஃபில்டர் போட்டது. அது கண்ணுக்கு நேர்மையானது, ஃபிலிமுக்கு அல்ல.

வெளிச்சமும் படமும் ஒத்துப்போகாத கதைகளில் இந்த வட்டாரத்தின் பெரிய கதை இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. பக்கத்து வடலூரில் 1872-இல் சத்திய ஞான சபையை நிறுவிய வள்ளலாரை, சென்னையிலிருந்து வந்த படக்காரர் எட்டு முறை எடுத்தும் உருவம் விழவில்லை, உடை மட்டுமே விழுந்தது என்பார்கள். பக்தர்களின் விளக்கத்தோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. மீட்டரே இல்லாத, தட்டு ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய அந்தக் காலத்தில் ஒரு படம் ஒழுங்காக விழுந்ததுதான் அதிசயம்.

இன்றைக்கு வருவோம். கேமராவில் தனி மீட்டர் கண் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது; மிரர்லெஸ் கேமராவில் படம் பிடிக்கும் சென்சாரே லட்சக்கணக்கான புள்ளிகளில் அளக்கிறது. நிகான் 1983-இல் எஃப்ஏ கேமராவில் படத்தை ஐந்து பகுதியாகப் பிரித்து அளந்தது பெரிய விஷயமாக இருந்தது. இன்று முகம் எது, வேட்டி எது என்று கேமராவுக்கே தெரியும். குத்துவிளக்கு வெளிச்சம் போதும். உள்ளங்கையை நீட்டும் பழக்கம் இந்தத் தலைமுறையோடு போய்விட்டது, அதில் எனக்கு வருத்தமில்லை.

விளக்குதான் கைவிட்டுவிட்டது. நடுவில் எலெக்ட்ரானிக் சோக் வந்து, ட்யூபின் துடிப்பை ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸுக்கு ஏற்றி, பழைய தொல்லையை ஏறக்குறைய ஒழித்திருந்தது. பிறகு எல்இடி. 2015-இல் மத்திய அரசின் உஜாலா திட்டம் அறிமுகமாகி, விலையும் இறங்கி, எங்கும் எல்இடி ஆயிற்று. நல்ல டிரைவர் உள்ள எல்இடி துடிக்காது. மலிவான டிரைவரில் கெப்பாசிட்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். விட்டுப்போன அந்த 100 துடிப்பு திரும்பி வந்துவிட்டது. இந்த முறை முன்னைவிட மோசம். எல்இடி-க்கு ஆறும் சூடு கிடையாது, பாஸ்பரின் மிச்ச ஒளியும் மிகக் கொஞ்சம். பள்ளத்தில் அநேகமாக அணைந்தே போகும். ஐயரின் மந்திரத்துக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று சைலன்ட் ஷட்டரில் எடுத்தால், சென்சார் வரி வரியாகப் படிக்கும்போது விளக்கு அணைந்து அணைந்து எரிய, படம் முழுக்கக் கறுப்புப் பட்டை. துடிப்பின் உச்சியைக் கணித்து அந்த நொடியில் ஷட்டரைத் திறக்கும் வசதியை கேனான் 2014-இல் 7டி மார்க் 2-இல் கொண்டுவந்தது. டர்பைனின் தாளத்துக்குக் கேமரா இணங்கிப்போக வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அந்தத் தாளத்தை இந்த ஊரில் தொடங்கிவைத்த முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் ஓய்ந்துவிட்டது, தாளம் மாறவில்லை.

போனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூகுள் 2018-இல் நைட் சைட் கொண்டுவந்ததிலிருந்து எந்த இருட்டும் போனுக்கு இருட்டல்ல. பல ஷாட்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பூஜை அறையைப் பட்டப்பகலாக்கிவிடும். எக்ஸ்போஷர் கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. கார்த்திகைக்கு ஏற்றிய அகல்விளக்கு எதற்கு எரிகிறது என்றுதான் அந்தப் படத்தில் புரியாது.

மண்டபத்தின் உண்மையான வில்லன் மேடை ஓரத்தில் நிற்கும் பார் லைட். சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி எல்இடி வைத்து நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாறும். பர்ப்பிள் விழும்போது சென்சாரில் நீலமும் சிவப்பும் நிரம்பி வழிகின்றன, பச்சை காலி. மீட்டர் மூன்றையும் சேர்த்துப் பார்த்து ‘சரி’ என்கிறது. கன்னத்தில் நீலம் வெந்துபோய் விவரமே இல்லாமல் மொழுக்கென்று இருக்கிறது. ட்யூபின் பச்சையை லேப்காரரால் கழுவ முடிந்தது, ஏனென்றால் மற்ற நிறங்களும் கொஞ்சம் கொஞ்சம் அதில் இருந்தன. இதில் கழுவுவதற்கு ஒன்றுமே பதிவாகவில்லை. மணமக்களுக்குப் பின்னால் எல்இடி திரையில் அவர்களுடைய முகமே பத்தடி உயரத்துக்கு ஓடுகிறது. அந்த வெளிச்சத்தைக் கண்டு மீட்டர் அசல் முகங்களை இருட்டாக்கினால் அதைக் குறைசொல்ல முடியாது.

அதனால் இப்போதைய கல்யாண போட்டோகிராபர்களில் விவரமானவர்கள் மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுகிறார்கள். ஷட்டரை 1/100-இலோ 1/50-இலோ பூட்டிவைக்கிறார்கள், ஏனென்றால் 50 ஹெர்ட்ஸ் ஊரில் அந்த இரண்டும் துடிப்போடு முட்டாமல் பொருந்துகின்றன. ஒரு வெள்ளைத் தாளை மேடையில் பிடித்து நிறத்தைச் சரிபார்க்கிறார்கள். பிறகு கேமராவை ஓரமாக வைத்துவிட்டு, எந்த மெனுவிலும் இல்லாத வேலை ஒன்றைச் செய்ய மேடை ஓரம் போகிறார்கள். லைட்காரரின் தோளில் கை போட்டு, “அண்ணே, ரிசப்ஷன் மொத்தமும் உங்க இஷ்டம். தாலி கட்டற அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் பர்ப்பிளை அணைச்சு வெள்ளையைப் போடுங்கண்ணே.”

“டெக்கரேஷன்காரர்தான் பர்ப்பிள் கேட்டாரு தம்பி. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

டெக்கரேஷன்காரர் ‘பொண்ணோட சாய்ஸ்’ என்கிறார். பெண் மேக்கப் அறையில் இருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது, முகூர்த்தத்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம்.